பழைய படகின் ஷாஃப்ட் பேரிங்: மாற்றும்போது செய்யக்கூடாதவை

சமீபத்தில் ஒரு தம்பி தன் பழைய படகைக் கரையேற்றி ஷாஃப்ட் பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். பழையதை வெட்டி எடுத்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளிக்குள் வீசினார். டங்கென்று அது விழுந்த சத்தத்தில் எனக்கு வயிறெரிந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் வீசினேன். அதற்கு இரண்டு புது பேரிங்கும், ஒரு ஷாஃப்ட்டும், திரும்பத் திரும்பக் கரையேற்றிய செலவும் தண்டம் அழுதேன்.

நான் சொல்வது, எஞ்சினிலிருந்து விசிறிக்கு (புரொப்பல்லர்) போகும் ஷாஃப்ட்டைத் தாங்கும் கட்லெஸ் பேரிங்கை. விசிறிக்குச் சற்று முன்னால், படகுக்கு அடியில் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்குள்ளோ, ஷாஃப்ட் வெளியே வரும் ஸ்டெர்ன் டியூபின் வாயிலோ உட்கார்ந்திருக்கும். வெளியே பித்தளைக் கூடு அல்லது ஃபைபர் கூடு, உள்ளே நீளவாக்கில் பள்ளம் போட்ட ரப்பர். பள்ளங்களில் ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். விசிறியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 25 மி.மீ. ஷாஃப்ட்டில் ஒன்றரை மி.மீ. அளவுக்கு ஆட்டம் இருந்தால் மாற்றிவிடலாம். படகுக்கு நன்றாக முட்டுக் கொடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

பழைய பேரிங்கைப் பார்க்காமல் வீசுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு. பேரிங் ஏன் தேய்ந்தது என்பது அந்தப் பேரிங்கிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் முன்னிருந்து பின்வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், ஷாஃப்ட்டின் எடை பல வருடம் அழுத்தியதன் விளைவு. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வட்டம் வட்டமாகக் கீறல் இருந்தால் மணல் புகுந்திருக்கிறது. ரப்பர் பளபளவென்று இறுகி, கூட்டை விட்டு உரிந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. முன் முனையில் வலது பக்கமும் பின் முனையில் இடது பக்கமும் தேய்ந்திருந்தால், ஷாஃப்ட் பேரிங்குக்குள் சாய்ந்து நிற்கிறது. அந்த நிலையில் எத்தனை பேரிங் போட்டாலும் தின்றுவிடும்.

என் படகில் நடந்தது இந்தக் கடைசி ரகம். முதல் பேரிங்கைப் பார்க்காமலே வீசிவிட்டுப் புதியது போட்டேன். அடுத்த சீசனுக்குள் தரைப்பலகை அதிர ஆரம்பித்தது. சரக்கு மட்டம் என்று முடிவு கட்டி, விற்றவரிடம் சண்டை போட்டு, இன்னொன்று வாங்கி மாட்டினேன். இந்த முறை புத்திசாலித்தனமாக, எஞ்சின் பக்கத்தையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்றும் சரிபார்த்தேன். ஆனால் படகு கரையில் இருக்கும்போதே. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், எல்லாம் சரி என்று அழகாகக் காட்டியது. தண்ணீரில் இறக்கினால் முன்பைவிட மோசம்.

மூன்றாவது தடவை கழற்றியபோதுதான் பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் வலப்பக்க ரப்பர் தேய்ந்து பித்தளை மின்னியது, மறுமுனையில் இடப்பக்கம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களில் பின்பக்கத்து ஒன்றில் டீசல் சொட்டிச் சொட்டி ரப்பர் ஊறிப்போய் அந்த மூலையே இறங்கியிருந்தது. அதற்குள் பித்தளை உரசி ஷாஃப்ட்டும் போய்விட்டது.

மவுண்டை மாற்றியதோடு வேலை முடியவில்லை. கரையில் படகு கீலிலும் (அடிப்பக்க நடுமுதுகு) நாலு முட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில் அதே உடம்பு வேறு மாதிரி வளைந்துகொள்ளும், பழைய படகு என்றால் இன்னும் கூடுதலாக. அதனால் கரையில் எடுத்த அளவு உத்தேசம்தான். தண்ணீரில் இறக்கி ஒன்றிரண்டு நாள் விட்டு, கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு முகங்களுக்கும் இடையே நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. கழற்றியதும் ஷாஃப்ட்டின் முனை தன் எடையால் தொங்கும். அதைத் தாங்கிப் பிடிக்காமல் அளந்தால் அந்த அளவே பொய். அப்புறம் ஷாஃப்ட்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளங்கள். அதிக இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சினை நகர்த்த வேண்டும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் எஞ்சின் மேல் தப்பில்லை, ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ கோணியிருக்கிறது.

எப்போதோ எதிலோ மோதி பிராக்கெட்டே வளைந்திருந்தால் இதெல்லாம் உதவாது. அது தனி வேலை.

அந்தத் தம்பியின் பேரிங்கை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அடிப்பக்கத் தேய்மானம், ஒரே சீர். "சும்மா பயமுறுத்திட்டீங்களேண்ணா" என்றார்.

ஒரு அங்குலமும் 25 மி.மீ.யும் ஒன்று என்று நினைப்பது

ஒரு அங்குலம் 25.4 மி.மீ. பழைய படகில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியாது, ஷாஃப்ட் அங்குலத்திலும் பிராக்கெட் மி.மீட்டரிலும் இருக்கலாம். ஷாஃப்ட் விட்டம், கூட்டின் வெளிவிட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள். ஷாஃப்ட்டைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். பேரிங் ஓடிய இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். பள்ளத்தில் நகம் மாட்டினால் புது பேரிங் போட்டும் பெரிய பலன் இல்லை.

பிராக்கெட் அலுமினியம் என்றால் பித்தளைக் கூடு வேண்டாம், கடல் தண்ணீரில் அலுமினியம் அரித்துவிடும். ஃபைபர் கூடு வாங்குங்கள்.

சுத்தியல்

கையில் எடுக்காதீர்கள்.

ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ

பிராக்கெட்டின் பக்கவாட்டில் பேரிங்கைப் பிடித்து வைக்கச் சின்ன ஸ்க்ரூ ஒன்றோ இரண்டோ இருக்கும். பல வருடப் பெயின்ட்டுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. நான் ஒரு முழு மதியம் நீளத் திருகுக்கம்பியும் வாஷரும் வைத்து இழுத்து, கம்பியின் மரை உருண்ட பிறகுதான் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன். முதலில் சுரண்டுங்கள்.

இழுத்தும் வரவில்லை என்றால் ஷாஃப்ட்டை உருவிவிட்டு, ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்து, அந்தத் துண்டை உள்பக்கமாக மடக்குங்கள். பித்தளை அறுபடும்போது வரும் பொடியின் நிறத்தைக் கவனியுங்கள். நிறம் மாறினால் பிராக்கெட்டைத் தொட்டுவிட்டீர்கள்.

நெருப்பு

ஃபைபர் படகில் பிராக்கெட்டைச் சூடாக்கி பேரிங்கை எடுக்கலாம் என்று சொல்பவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

கிரீஸ்

ரப்பருக்கு ஆகாது. நுழைக்கும்போது சோப்புத் தண்ணீர் போதும்.

ஸ்க்ரூவை மல்லுக்கட்டி இறுக்குவது

புது பேரிங்கை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி சுலபமாக உள்ளே போகும். நேராக நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டே திருகுக்கம்பியால் மெதுவாக இழுங்கள். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் கூட்டில் சின்னக் குழி போட்டுக்கொள்ளலாம், ஆனால் துளை விழக்கூடாது. அந்த ஸ்க்ரூ பேரிங் நகராமல் இருக்கத்தான். முறுக்கினால் கூடு உள்பக்கம் பிதுங்கி ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

கரையிலேயே ஓட்டிப் பார்ப்பது

வேலை முடிந்த சந்தோஷத்தில் கியர் போட்டு விசிறி சுற்றுவதைப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தண்ணீர் இல்லாத ரப்பர் சில நொடிகளிலேயே கருக ஆரம்பிக்கும். இறக்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் சொட்டாத ரக சீல் இருந்து, அதற்குக் காற்றுக் குழாய் இல்லையென்றால், அதன் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை (பெல்லோஸ்) அழுத்தி, அடைபட்ட காற்று போய்த் தண்ணீர் பீய்ச்சும்வரை பிடியுங்கள். அதற்குப் பிறகு கியர் போடலாம்.