நிறம் மாறும் ரோஜா: சமவெளிக்கு எது, மலைக்கு எது?

நிறம் மாறும் ரோஜா வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். பூவின் நிறத்தை மாற்றுவது அந்த வெயில்தான். இந்த ரகங்கள் பலவற்றில், பூ விரிந்தபின் மஞ்சள் வெளிறிக்கொண்டே போக, ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி வெளிச்சம் பட்டு இதழில் ஊறுகிறது. வெளிச்சம் கூடினால் சிவப்பு கூடும். சூடு மிஞ்சினால் அதே சிவப்பு மட்டுப்படும். மதுரையில் என் மொட்டைமாடியிலும் ஊட்டியில் அக்கா வீட்டு முற்றத்திலும் ஒரே ரகங்களை வளர்ப்பதால், இந்த இழுபறியை இரண்டு பக்கமும் பார்க்க முடிகிறது.

மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்கு நான் முதலில் சொல்வது மியூட்டபிலிஸ். சீன ரோஜா வகை. ஒற்றை அடுக்கில் ஐந்தே இதழ். மொட்டு ஆரஞ்சு, விரிந்ததும் இளமஞ்சள், அப்புறம் ரோஸ், கடைசியில் அடர்சிவப்பு. மூன்று நிறமும் ஒரே நேரத்தில் ஒரே செடியில் இருக்கும். பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்த மாதிரி. பெரும்பாலான ரோஜாக்கள் வெயிலில் வெளுக்கும், இதன் நிறம் அடர்ந்துகொண்டே போகும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அதிகப் பராமரிப்பு கேட்காத 'எர்த்-கைண்ட்' ரோஜாக்களில் இதைச் சேர்த்திருக்கிறது. அங்கேயும் கோடை கடுமைதான். ஆனால் புதராகப் பரவும் செடி என்பதால் சின்னத் தொட்டி போதாது. தரையில் வையுங்கள், இல்லையென்றால் பெரிய டிரம்மில் வையுங்கள். கத்தரிப்பதும் லேசாக இருக்கட்டும்.

டபுள் டிலைட் எல்லோரும் ஆசைப்படுவது. 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த ரகம், வாசனை பிரமாதம். வெண்ணெய் நிறத்தில் விரிந்து, ஓரத்திலிருந்து சிவப்பு உள்ளே இறங்கும். அந்தச் சிவப்பைக் கொண்டுவருவது புற ஊதாக் கதிர். அதனால் புற ஊதாவைத் தடுக்கும் கூரைக்கு அடியில் வைத்தால் வெளிறியே நிற்கும். சமவெளியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதன் பூ பெரிதாக, நிதானமாக நிறம் மாறும். மே மாதத்தில் சிறுத்துப் போய், மாறி முடிப்பதற்குள் உதிர்ந்துவிடும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். இலையின் அடியில் சாறு உறிஞ்சும் சிவப்பு சிலந்திப்பேன் வரும் காலமும் அதுதான். தினமும் தண்ணீரை அடிப்பக்கமாகப் பீய்ச்சுங்கள்.

இதே டபுள் டிலைட் ஊட்டியில் வேறு செடி. குளிரில் சிவப்பு ஆழமாக ஏறுகிறது, பூவும் நாள் கணக்கில் நிற்கிறது. தொல்லை மழைக்காலத்தில்தான்: ஈரம் காயாமல் கரும்புள்ளி நோய் இலையைப் பிடித்துக்கொள்ளும். அக்கா அதைக் கிழக்குப் பார்த்த சுவரோரம், பக்கத்துச் செடி உரசாமல் வைத்திருக்கிறாள். காலையிலேயே இலை காய்ந்துவிடுகிறது. தண்ணீரை வேரில்தான் விட வேண்டும்.

மலைக்கு இன்னொன்று மாஸ்கரேட். 1949-ல் வந்தது, கொத்துக் கொத்தாக மஞ்சளில் தொடங்கி, ரோஸாகி, சிவப்பில் முடியும். வாசனை குறைவுதான். வாடிய பூவை வெட்டாமல் விட்டால் காய் பிடித்து அடுத்த பூப்பு தள்ளிப்போகும்.

கத்தரிக்கும் காலமும் ஊருக்கு ஊர் வேறு. சமவெளியில் அக்டோபரை ஒட்டி வெட்டினால் குளிர்காலப் பூ கிடைக்கும். ஊட்டியில் உறைபனி போனபிறகுதான் வெட்ட வேண்டும். முன்னால் வெட்டினால் புதுத்தளிர் கருகும்.

வாங்கும்போது ஒட்டுச்செடியாக, அதாவது வேறொரு ரோஜாவின் வேர்ச்செடியில் ஒட்டியதாகக் கேளுங்கள். வானவில் ரோஜா என்று இணையத்தில் விற்கும் விதையை நம்பாதீர்கள். விதையில் முளைப்பது தாய்ச்செடியைப் போல வராது. காலையில் வெள்ளையாக விரிந்து மாலையில் சிவக்கும் செடியைக் காட்டினால், அது செம்பருத்தி இனம், ரோஜா இல்லை. வளர்க்கலாம், அழகுதான்.

வாங்கி வந்தபின் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரைக் கண்டவுடன் வேரோரம் வரை தோண்டிப் பிய்த்துவிடுங்கள். அதை விட்டால் வேர்ச்செடி மேலே ஏறி, நல்ல ரகம் செத்துப்போகும். முன்பு நிறம் மாறிய செடி இப்போது ஒரே நிறத்தில் சின்னச் சின்னதாகப் பூக்கிறது என்றால், உரம் போடுவதற்கு முன் அந்த ஒட்டைப் பாருங்கள்.