கொழும்புக் கடற்கரையில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருப்பவர்களுக்குக் கடல் நடந்து போகிற தூரம்தான். காலி வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினால் தண்டவாளம், அதற்கு அங்கால் அலை. இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, அந்தக் கரைக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். காற்று மாறும், கடல் மாறும், வந்துபோகும் உயிர்கள் மாறும், திருவிழாக்களும் அதனதன் மாதத்தில்தான் வரும். ஆண்டு முழுவதும் ஒரே கரை என்று நினைத்துப் போவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதலில் கடல். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நம்முடைய பேச்சில் சோளகம், மேற்குக் கரையைக் கலக்கிவிடும். ஆகஸ்டில் காலிமுகத்திடலில் பட்டங்கள் அழகாக ஏறுவது இந்தக் காற்றில்தான். பட்டத்துக்கு நல்ல காற்று, குளிப்புக்கு மோசமான கடல். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அப்போதும் உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால், நேராகக் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே கூடாது, அதில் பேச்சுக்கு இடமில்லை.

தண்டவாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரப் பாதை 1877 இல் பாணந்துறை வரை போடப்பட்டது. இன்றைக்கும் நாம் அதைக் கடந்துதான் கடலுக்கு இறங்குகிறோம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. காதில் இயர்போனோடு தண்டவாளத்தில் நடப்பதும், அங்கே நின்று செல்பி எடுப்பதும் உயிரோடு விளையாடுகிற வேலை.

அடுத்த தவறு, முதலை ஆற்றில்தானே இருக்கும், கடலுக்கு வராது என்ற நம்பிக்கை. உவர்நீர் முதலை கடலிலும் தாராளமாக நீந்தும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் உள்ளே இருக்கும் சதுப்பு நிலங்களைக் கடலோடு இணைக்கின்றன. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். கடல் அமைதியாக இருக்கும் மாதம் என்று எல்லோரும் நம்பி இறங்குகிற காலம் அது. கால்வாய் வாய்ப்பகுதிகளில், முக்கியமாக விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும், நீரில் இறங்காதீர்கள். முதலையைக் கண்டால் கல்லெறியவோ கிட்டப்போய் வீடியோ எடுக்கவோ வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

கடலாமை விஷயத்தில் நல்ல மனசோடு செய்யும் தவறுகள்தான் அதிகம். உலகத்தில் ஏழு இனக் கடலாமைகள் உள்ளன, அவற்றில் பேராமை, அழுங்காமை உட்பட ஐந்து இனங்கள் இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. கல்கிசை மணலிலும் இரவில் ஆமை ஏறுவதுண்டு. டோர்ச் அடித்தால், போன் பிளாஷ் போட்டால், முட்டையிட வந்த தாய் அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளின் நிலைமை இன்னும் மோசம். இரவில் வெளிச்சமான கடல் தொடுவானத்தைப் பார்த்துத்தான் அவை ஓடும். கடை விளக்கோ ஹோட்டல் விளக்கோ அதைவிடப் பிரகாசமாக இருந்தால், வீதிப் பக்கம் திரும்பிவிடும். இதைக் கண்டு இரக்கப்பட்டுச் சிலர் குஞ்சுகளை வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வளர்த்து விடலாம் என்று நினைக்கிறார்கள். முட்டையை விட்டு வந்ததும் குஞ்சிடம் ஒரு வேகம் இருக்கும். கரையோரத்து இரைகொல்லிகளைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகும் வேகம் அது. தொட்டியில் வைத்திருந்தால் அது வீணாகிவிடும். செய்ய வேண்டியது மிகவும் சின்ன விஷயம்: விளக்கை அணையுங்கள், பிள்ளைகள் மணலில் தோண்டிய குழிகளை வீட்டுக்குப் போகும் முன் மூடுங்கள், நாயைக் கட்டி வையுங்கள். ஆமையும் முட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. முட்டையை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

மணலில் அரிசி மாதிரி வெள்ளைக் குருணி கிடந்தால் சிப்பித் துண்டு என்று நினைத்துப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணிகள் டன் கணக்கில் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அந்த நாட்களில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

பறவைகளுக்கு வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலம்தான் பருவம். ஒக்டோபர் வாக்கில் வடக்கேயிருந்து கடற்காகங்களும் சிறு கரைப்பறவைகளும் வந்து, ஏப்ரல் வரை இருக்கும். அவை மணலில் கூட்டமாக இருப்பது நீண்ட பயணக் களைப்பு ஆறவும் இரை தேடவும். படத்துக்காகப் பிள்ளைகளை ஓடவிட்டுக் கலைக்காதீர்கள்.

வரலாற்றுக்கு வருவோம். காலிமுகத்திடல் என்றால் இறால் வடையும் மாலைக் காற்றும் மட்டும்தான் என்று அடுத்த தலைமுறையை வளர்ப்பது பெரிய இழப்பு. ஆளுநர் ஹென்றி வார்ட் அங்கே நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி, பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அதே திடலில் 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 2022 மே 18 அன்று, கோட்டாபய ராஜபக்ச அரசை எதிர்த்துப் போராட்டக்காரர்கள் கூடியிருந்த அதே இடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும்போது இதையும் சொல்லுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் கடலோடு பிறந்த கதைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கடல் அரிப்பால் தவித்த மீனவர்களுக்காக அந்தோனியோ என்ற குரு சிலுவையை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் அங்கே போவதைப் பார்க்கலாம். இது அவர்களுடைய கோயில் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இந்தக் கரையின் பாதிக் கதை தெரியாமலே போய்விடும். ஜூன் 13 திருநாள்.

அப்புறம் ஆடி. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வரும் ஆடிவேல், முருகனின் வேல் ஊர்வலம், 1874 இல் தொடங்கியது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், போன வருடக் கணக்கை நம்பிப் போகாமல் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குக் கடலில் இறங்குபவர்களும், சதுர்த்திக்குப் பிள்ளையாரைக் கரைப்பவர்களும் கவனிக்க வேண்டியது, இரண்டுமே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருபவை. வயதானவர்களை முழங்காலுக்கு மேல் நீரில் இறக்காதீர்கள். பூவும் எள்ளும் சோறும் கடலுக்குப் போகட்டும், அவற்றைக் கொண்டுவந்த பொலித்தீன் பை வீட்டுக்குத் திரும்பட்டும். பிள்ளையார் களிமண்ணாக, சாயம் பூசாததாக இருக்கட்டும்.