புலி என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

சொல்லாராய்ச்சி பழக 'புலி' நல்ல சொல். விலங்கு ஆசியாவுக்கு உரியது. ஐரோப்பிய மொழிகளுக்கு அதன் பெயர் வெளியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அந்தத் தடத்தைப் பின்தொடர முடியும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மொழி, அந்த மொழியின் எழுத்திலேயே சொல், உச்சரிப்பு, இன்று அது குறிக்கும் விலங்கு, முதலில் பதிவான நூல். இரண்டாம் கட்டத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இந்தியில் புலி, தோட்டம் இரண்டுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் 'பாக்' என்றே வரும். மூலத்தில் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு, வேரும் வேறு.

அதிகம் சறுக்குவது நான்காம் கட்டத்தில். மலையாளத்தில் வரிப்புலிக்குக் 'கடுவ' என்று பெயர். 'புலி' என்றால் இன்று பெரும்பாலும் சிறுத்தை. குடகு மொழியில் 'நரி'தான் புலி! பாரசீகத்தில் 'ஷீர்' சிங்கம், 'பபர்' புலி. இந்திக்கு வந்த 'ஷேர்' இரண்டுக்கும் வழங்குகிறது. 'பப்பர் ஷேர்' என்றாலோ சிங்கம். அந்த 'பபர்' சைபீரிய ரஷ்யர்களிடமும் 'பாப்ர்' என்று புலிக்கு வழங்கியது. சைபீரியாவிலுள்ள இர்குட்ஸ்க் நகரச் சின்னத்தில் இருந்தது அந்தப் புலிதான். 19ஆம் நூற்றாண்டில் அதிகாரிகள் அதை 'போப்ர்', அதாவது நீர்நாய் போன்ற பீவர், என்று எடுத்துக்கொண்டார்கள். சின்னத்தில் இருந்த புலிக்குத் தடித்த வாலும் சவ்வுப் பாதமும் முளைத்தன. பொருள் கட்டத்தைக் காலியாக விட்டால் நம் ஆராய்ச்சியிலும் இப்படித்தான் நடக்கும்.

அடுத்தது ஒலி ஒப்பு. ஆராய்ச்சியின் உயிர் இதுதான். தமிழ் புலி, கன்னட ஹுலி. இந்த ஒரு சோடி போதாது. பால்–ஹாலு, பல்–ஹல்லு, பத்து–ஹத்து, பொன்–ஹொன்னு என்று குறைந்தது நான்கு சோடியாவது சேர்த்த பிறகுதான் பகரம் ஹகரமானது விதி என்று எழுதலாம். துளுவில் 'பிலி'. தெலுங்கில் 'புலி', ஆனால் அங்கே பல சொற்களில் ளகரம் லகரத்தோடு கலந்துவிட்டதால் புளிப்பும் 'புலி'தான். நம் புளியோதரை அங்கே புலிஹோரா. தெலுங்கை மட்டும் பார்ப்பவர் புலியையும் புளியையும் ஒரே வேரில் கட்டிவிடுவார். தமிழும் கன்னடமும் (ஹுலி, ஹுளி) இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் தப்பிக்கிறோம். ஐயம் வந்தால் மொழியியலாளர்கள் பரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் இனச் சொற்கள் (ஒரே வேரில் பிறந்தவை) ஒரே எண்ணின் கீழ் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வடக்கே புலிக்கான சமஸ்கிருதச் சொல் 'வ்யாக்ர' பிராகிருதத்தில் 'வக்க' ஆகி, இரட்டித்த மெய் ஒற்றையாகி, முன்னுள்ள உயிர் நீண்டு, இந்தி, வங்காளத்தில் 'பாக்', மராத்தி, குஜராத்தியில் 'வாக்' ஆனது. ஐந்தாம் கட்டம் இங்கே பேசும்: ரிக் வேதத்தில் சிங்கம் உண்டு, புலி இல்லை, அதர்வ வேதத்தில் வந்துவிடுகிறது. பழங்காலச் சொல்லாராய்ச்சியாளர் யாஸ்கர் 'வ்யாக்ர' என்ற சொல்லை முகர்தலோடு இணைத்தார். அதைப் 'பழைய விளக்கம்' என்று குறியுங்கள். சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கம்போடியாவின் கெமர் மொழியில் புலி 'க்லா', மேகாலயத்தின் காசி மொழியிலும் ஏறக்குறைய அதே சொல். சீன 'ஹூ'வின் பழைய வடிவம் இவை சேர்ந்த ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்திலிருந்து போன இரவலாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. கொரிய 'ஹொராங்கி'யில் சீனச் சொல் வெளிப்படையாகவே இருக்கிறது.

கடைசியில் 'டைகர்'. ஆங்கிலம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் வாங்கியது, லத்தீன் கிரேக்க 'திக்ரிஸ்' என்பதை வாங்கியது. அதற்கு முன்பு ஈரானிய மொழி எதுவோ என்பதுவரை சொல்லலாம். ரோமானிய அறிஞர் வர்ரோ, ஆர்மீனிய மொழியில் இது அம்பையும் வேகமான ஆற்றையும் குறிக்கும் என்றார். பழைய ஈரானியச் சமய நூலான அவெஸ்தாவில் அம்புக்கு 'திக்ரி' உண்டு. ஆனால் அந்தச் சொல் புலியைக் குறித்த இடம் கிடைக்கவில்லை. மேற்காசியாவின் டைக்ரிஸ் ஆற்றின் பெயரோ சுமேரிய 'இதிக்ன'விலிருந்து வந்து, பாரசீகர் வாயில் 'திக்ரா' ஆனது. ஆகவே ஆற்றையும் விலங்கையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். அம்பு விளக்கத்தைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 'ஐயம்' என்று குறித்து வையுங்கள்.