கைவிடப்பட்ட கேமை விடாமல் ஆடுவது எப்படி

பத்து வருஷமாக ஆடுகிற கேமுக்கு அப்டேட் வருவது நின்றுபோய், எந்த மேட்சுக்குப் போனாலும் ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடும் சீட்டர்களே நிறைந்திருந்தால் கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. முதலில் கேமே ஆட்களைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங்கை விட்டுவிட்டு, சர்வர்களைப் பட்டியலாகக் காட்டும் சர்வர் பிரவுசரைத் திறங்கள். பிங் (சர்வர் பதில் தர ஆகும் நேரம்) குறைவாக, அட்மின் இருக்கிற, ஆட்டக்காரர்களே நடத்தும் கம்யூனிட்டி சர்வராகப் பார்த்து ஃபேவரிட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

அப்புறம் புகார். "கேம் செத்துப்போச்சு" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. ஆட்டத்தை ஃபைலாகப் பதிவுசெய்யும் டெமோ ரெக்கார்டிங் எப்போதும் ஓடட்டும்; சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவனின் தலையை ஒருவனுடைய குறி விடாமல் பின்தொடர்கிறதா, அந்த இடத்தின் டிக் எண் (பதிவில் அந்தக் கணத்தைக் காட்டும் எண்), மேப், தேதி மூன்றையும் எழுதி ஃபைலோடு கேம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்து அனுப்புவது இன்னும் நல்லது. 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் தானாக ஆடும் புரோகிராம்களான பாட்களின் தொல்லை தாங்காமல் ஆட்டக்காரர்கள் 2022 மே மாதம் ஒன்றாகக் குரல் எழுப்பியதும் அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் பதில் சொன்னது, ஆனால் 2024-இல் மறுபடியும் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

பதிலே வரவில்லையா, சரி, கேமுக்குள் விற்கிற ஸ்கின் (தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) வாங்குவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தை நீங்கள் ஆடுகிற சர்வரின் வாடகைக்குக் கொடுங்கள்.