கூப்பர் பிளாக்: பெயருக்கு மட்டும், பெரிதாக

கடைப் பலகைக்கும் பேக்கரிப் பைக்கும் ஆங்கிலப் பெயர் வைக்க வேண்டியிருந்தால் என் கை முதலில் போவது கூப்பர் பிளாக் என்ற ஆங்கில எழுத்துருவிடம்தான். சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்துவந்த ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்தது. 1922இல் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் அதை அச்சு எழுத்தாக வெளியிட்டது.

பயன்படுத்துமுன் அதன் சிறிய ‘ஓ’ (o) எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் துளை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சிறிய ‘ஐ’ (i) எழுத்தின் புள்ளியும் சாய்ந்த நீள்வட்டம்தான். செரிஃப் எனப்படும் பாதங்களில் கூர்முனையே கிடையாது. ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தியது போல மழுங்கியிருக்கும். இவ்வளவு கனமான எழுத்து நம்மை மிரட்டாமல் இருப்பது அந்த மழுக்கத்தால்தான்.

இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இதில் வைக்காதீர்கள். எழுத்தளவு 30 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். முழுவதும் பெரிய எழுத்தாக (கேபிடல்) வைத்தால் சுவர் போல அடைத்து நிற்கும். முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், அழகெல்லாம் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. பெரிய அளவில் எழுத்து இடைவெளியைச் சற்றே குறையுங்கள். ஏற்கெனவே தடித்த எழுத்து இது. மேலும் தடிமன் ஏற்றினால் துளைகள் அடைபடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேக்கரிக்குப் பழுப்புக் காகிதப் பை செய்தேன். பெயர் அருமையாக வந்தது. எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கட்டும் என்று கைபேசி எண்ணையும் 9 பாயிண்டில் இதிலேயே வைத்துவிட்டேன். காகிதம் மையை உறிஞ்ச, 6, 8, 9 மூன்றின் கண்களும் மூடிக்கொண்டன. இரண்டாயிரம் பைகள், படிக்க முடியாத எண்ணோடு. முகவரி, எண், விலை எல்லாவற்றுக்கும் செரிஃப் இல்லாத மெல்லிய எழுத்தைத்தான் அன்றிலிருந்து வைக்கிறேன்.

இனிப்பு, ஐஸ்கிரீம், பழச்சாறு, குழந்தைகள் பொருள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஈஸிஜெட் விமான நிறுவனம்கூடத் தன் பெயரை இதில்தான் எழுதுகிறது. இரங்கல் செய்திக்கும் வழக்கறிஞர் பலகைக்கும் ஒருபோதும் வேண்டாம்.

பக்கத்தில் தமிழ்ப் பெயரும் வர வேண்டுமென்றால் பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவின் தடித்த வகையை வையுங்கள். அதன் முனைகளும் உருண்டவை. இரண்டும் உடன்பிறந்தவை போல நிற்கும். பாயிண்ட் எண்ணை ஒன்றாக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்; ‘க’வின் உயரத்தைச் ஆங்கிலச் சிறிய ‘ஓ’வோடு கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ‘கி’, ‘கீ’ சுழிகள் மேல்வரியில் இடிக்காமல் வரி இடைவெளியையும் கூட்டுங்கள்.

கடைசியாக, எந்தக் காகிதத்தில் அச்சாகப் போகிறதோ அதிலேயே உண்மை அளவில் ஒரு மாதிரி எடுங்கள். சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பெயரைப் படியுங்கள். பிறகு கிட்டே வந்து எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.