பால்மர ஊர்ப் பிள்ளைக்கு ஆபரேஷனா? ரப்பர் அலர்ஜியில் செய்யக் கூடாத தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்ட ஊர்களில் ரப்பர் அலர்ஜி என்றால் பலர் நம்புவதில்லை. "தாத்தா காலத்திலிருந்து பால் வெட்டிய குடும்பம், நம்மை என்ன செய்துவிடும்?" என்கிறார்கள். இந்த நினைப்புதான் பெரிய தவறு. ரப்பர்ப் பாலிலுள்ள சில புரதங்களை உடல் எதிரியாக எடுத்துக்கொள்வதே இந்த அலர்ஜி. அவை அடிக்கடி உடம்பில் படப்படத்தான் அது வளர்கிறது.

"போன ஆபரேஷனில் ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடுவதும் அதனால்தான் தப்பு. ரப்பர்க் கையுறையும், சிறுநீர் வெளியேற்ற நுழைக்கும் ரப்பர்க் குழாயும் உடலின் உள்பகுதியைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆபத்து கூடலாம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல், ஸ்பைனா பிஃபிடாவோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பல ஆபரேஷன்கள் தேவைப்படும். அதிக ஆபத்தும் அவர்களுக்குத்தான். அலர்ஜி தெரியும்வரை காத்திருக்காமல், முதல் ஆபரேஷனிலிருந்தே இயற்கை ரப்பரைத் தவிர்ப்பது நல்லது.

மயக்கத்தில் இருக்கும் பிள்ளை "அரிக்குது" என்று சொல்லாது. தடிப்புகளைத் துணி மூடியிருக்கும். திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சுக்குழாய் இறுகும். உடனே அட்ரினலின் கொடுத்தாக வேண்டும். முன்கூட்டியே அலர்ஜியை அடக்கும் ஊசி போட்டால் போதும் என்று நம்பாதீர்கள், அது இந்த அதிர்ச்சியைத் தடுக்கும் என்ற உறுதி கிடையாது.

அறிகுறி வீட்டிலேயே தெரிந்திருக்கலாம். பலூன் ஊதியதும் உதடு வீங்குவது, பல் டாக்டர் கையுறையோடு தொட்ட இடம் தடிப்பது. வாழைப்பழமோ பப்பாளியோ அவகாடோவோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா? இவற்றின் புரதங்கள் ரப்பர்ப் புரதங்களைப் போன்றவை. அரித்தாலே ரப்பர் அலர்ஜி என்று முடிவுகட்ட வேண்டாம், டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

இதையெல்லாம் ஆபரேஷன் அறை வாசலில் மிஸியிடம் (நர்ஸிடம்) சொன்னால் தாமதம். தேதி குறிக்கும்போதே சொல்லுங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் மறுபடியும் சொல்லுங்கள். இயற்கை ரப்பர் இல்லாத நைட்ரில் கையுறை, சிலிக்கோன் குழாய் எல்லாம் எடுத்துவைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். அன்றைய முதல் ஆபரேஷனாக வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பவுடர் போட்ட ரப்பர்க் கையுறைகள் பயன்படும் இடத்தில் புரதம் பவுடரோடு காற்றில் மிதக்கும், காலையில்தான் அது குறைவு. அமெரிக்கா 2017இல் பவுடர் கையுறைகளையே தடைசெய்துவிட்டது. பவுடர் இல்லாத ரப்பர்க் கையுறை போதுமா? அலர்ஜி உள்ள பிள்ளைக்குப் போதாது, அதிலும் புரதம் உண்டு.

அதற்காக வீட்டிலுள்ள டயரையும் செருப்பையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. கெட்டி ரப்பரில் இந்தப் புரதம் பொதுவாகக் குறைவு. அச்சில் தோய்த்துச் செய்யும் கையுறை, பலூன் மாதிரிப் பொருள்களில்தான் அதிகம்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்து பிள்ளையைப் பார்க்க வரும் மாமா, அத்தைமாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: வார்டுக்கு ரப்பர் பலூன் வாங்கி வர வேண்டாம்.