மீன் எண்ணுவது எப்படி: ஒரு கடல் காப்பகம் காக்கிறதா என்று கண்டறிய

வரைபடத்தில் நீலத்தின் மேல் ஒரு கட்டம் போட்டு, உள்ளே சாய்கோடுகள் இழுத்து, 'பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி' என்று எழுதுவது ஒரு பிற்பகல் வேலை. அந்தக் கட்டத்துக்குள் மீன் பெருகியிருக்கிறதா என்று சொல்ல எனக்குப் பத்து ஆண்டுகள்கூட ஆனதுண்டு. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அதிலிருந்து கட்டம் போடும் அவசரம் கூடியிருக்கிறது. எண்ணத்தான் ஆள் போதவில்லை. டைவிங் தெரிந்து, மீன் இனங்களையும் ஓரளவு அடையாளம் கண்டு, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவருக்காக இதை எழுதுகிறேன். தனியாக இறங்கக் கூடாது, அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் போகக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரில் கால் வைக்கும் முன் கரையிலேயே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் சூழலியலாளர் கிரஹாம் எட்கரும் அவருடைய குழுவினரும் 2014இல் உலகெங்கும் 87 காப்பகங்களை ஆராய்ந்து ஐந்து தன்மைகளைச் சொன்னார்கள்: மீன்பிடிக்க முழுத் தடை, அந்தத் தடையை நடத்திக்காட்டும் காவல், பத்து ஆண்டுக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழ்கடலோ மணல்வெளியோ சூழ்ந்த தனிமை. அந்த 87இல் 59 சதவீதத்துக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருந்தன. மீன் கணக்கில் அவற்றுக்கும் மீன்பிடிக்கும் இடங்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிட நன்றாக எண்களால் சொன்னவர்கள் இல்லை. ஆகவே உங்கள் காப்பகத்துக்கு இந்த ஐந்தில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எழுதிவையுங்கள். காவல் இருக்கிறதா என்பதற்கு அலுவலகக் கோப்பை நம்பாதீர்கள். முதல் டைவில் பவளத்தில் சிக்கிக் கிடக்கும் நைலான் நரம்பை எண்ணுங்கள். பாசி படியாத புது நரம்பு என்றால் போன மாதம்கூட யாரோ தூண்டில் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஒப்பீட்டு இடம். பெரும்பாலான ஆய்வுகள் கவிழ்வது இங்கேதான். காப்பகத்துக்குள் கரடுமுரடான பாறைத்திட்டு, வெளியே தட்டையான சரளைத் தரை என்று வைத்துக்கொண்டு 'உள்ளே மீன் அதிகம்' என்று அறிவிப்பதில் பொருள் இல்லை. வேலி போடாமலே அங்கே மீன் அதிகமாகத்தான் இருந்திருக்கும். ஆழம், பாறையின் கரடுமுரடு, அலையடிப்பு மூன்றும் ஒத்த இடங்களைத் தேடுங்கள். எல்லைக் கோட்டை ஒட்டி ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடவும் கூடாது. உள்ளிருந்து வழிந்து வரும் மீன் அங்கே கணக்கைக் கூட்டும். அந்த மீனுக்காகவே எல்லையோரம் வரிசை கட்டும் படகுகள் கணக்கைக் குறைக்கும். இரண்டில் எது மிஞ்சியது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அரை கிலோமீட்டர், இரண்டு, பத்து என்று பல தூரங்களில் எண்ணுங்கள்.

இன்னொன்று. ஒரே திட்டில் நாடா விரித்து மீன் எண்ணும் பத்துக் கோடுகள் போட்டுவிட்டுப் பத்து இடங்களில் எண்ணியதாகக் கணக்குக் காட்டாதீர்கள். அது ஒரே இடம்தான். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984லேயே இந்தப் பிழைக்குப் பெயர் வைத்து எச்சரித்துவிட்டார். இன்றும் எனக்கு மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் இதைப் பார்க்கிறேன்.

இனி கண்ணைப் பழக்குங்கள். முகக்கண்ணாடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மீனின் எடையை நாம் நிறுப்பதில்லை. நீளத்தைக் கண்ணால் மதித்து, அந்த இனத்துக்குரிய வாய்பாட்டில் போட்டு எடையை எடுக்கிறோம். வாய்பாட்டுக்கான எண்கள் ஃபிஷ்பேஸ் தரவுத்தளத்தில் கிடைக்கும். நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் நீளத்தில் செய்யும் சிறு தவறு எடையில் பூதமாக வளர்ந்து நிற்கும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பருவத்தில் நேரத்தை மிச்சப்படுத்த வேலையைப் பிரித்துக்கொண்டோம். காப்பகத்துக்குள் நான், வெளியே என் தோழி. உள்ளே மீனின் நிறை வெளியே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு என்று வந்தது. மகிழ்ச்சியில் அன்று இரவே அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். மறுவாரம், வேறு எதற்கோ, வெவ்வேறு நீளத்தில் வெட்டிய பிளாஸ்டிக் குழாய்களைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இருவரும் மதித்துப் பார்த்தோம். 30 சென்டிமீட்டர் குழாய் ஒன்று. நான் 37 என்று எழுதியிருந்தேன். அவர் 28. மற்றக் குழாய்களிலும் அதே கதை. 37ஐ 28ஆல் வகுத்து, வந்ததை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் 2.3. நாங்கள் கண்டுபிடித்த 'இரண்டு மடங்கு' முழுவதும் என் கண்ணாடிக்குள்ளேயே இருந்திருக்கலாம். முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதிலிருந்து என் குழுவில் யாரும் குழாய்த் தேர்வில் தேறாமல், தண்ணீருக்குள் எழுதும் பலகையான ஸ்லேட்டைத் தொடுவதில்லை. ஸ்லேட்டின் ஓரத்திலேயே சென்டிமீட்டர் கோடுகள் வரைந்திருக்கும். உள்ளே எண்ணியவர் வெளியேயும் எண்ண வேண்டும், முறை மாற்றி மாற்றி. இருவருடைய கண்ணும் தவறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறு இரு பக்கமும் சமமாக விழுந்தால் ஒப்பீடு பிழைத்துக்கொள்ளும்.

எண்ணும் முறை எளிது. 50 மீட்டர் நாடா, இரு பக்கமும் இரண்டரை மீட்டர், ஆக ஐந்து மீட்டர் அகலம். நாடாவை முதலில் விரித்துவிட்டுப் பிறகு எண்ண வராதீர்கள். விரிக்கும் ஆளைக் கண்டு பாதி மீன் ஓடியிருக்கும். எண்ணுபவர் முன்னே நீந்த, துணைவர் பின்னால் நாடாவை விட்டுக்கொண்டு வருவது நல்லது. முதல் போக்கில் பாரை, செப்பிலி, களவா, கிளிமீன் போன்ற நடமாடும் மீன்களை எண்ணுங்கள். திரும்பி வரும்போது தலையைத் தாழ்த்தி, பிளவுகளிலும் பவளக் கிளைகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் உளுவை போன்ற சிறு மீன்களைத் தேடுங்கள். இரண்டையும் ஒரே போக்கில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும். பின்னாலிருந்து உங்களைத் தாண்டிப் போகும் மீனை எண்ணக் கூடாது. ஆர்வமுள்ள ஒரே மீன் உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஐந்து மீனாகிவிடும். கூட்டமாக வந்தால் பத்து மீனை எண்ணி, அது அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, கூட்டம் அப்படி எத்தனை பங்கு என்று பாருங்கள்.

மீனும் நம்மை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஈட்டியால் வேட்டையாடும் இடங்களில் பெரிய களவா டைவரைக் கண்டதும் மறைந்துவிடும். காப்பகத்துக்குள் அதே இனம் முகத்தருகே வந்து நின்று வேடிக்கை பார்க்கும். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே அதிகம் என்று தோன்ற இது போதும். இரை கட்டிய கேமராவை அடியில் இறக்கிவைத்து ஆளில்லாமல் படம் பிடிப்பது இதற்கு ஓரளவு மாற்று. அதிலும் ஒரே மீனை இரு முறை எண்ணாமலிருக்க, ஒரு இனத்தில் ஒரே சட்டகத்தில் ஒன்றாகத் தெரிந்த மிகப் பெரிய எண்ணிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். இரை நாற்றம் எவ்வளவு தூரத்து மீனை இழுத்துவந்தது என்பது வேறு தலைவலி. கேமராவையும் கண்ணையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

எண்ண வேண்டிய காலம் பற்றி நிதி தருபவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தில் முடிவு கேட்பார்கள். மெக்சிகோவின் காபோ புல்மோ 1995இல் பூங்காவானது. 1999இல் எண்ணியபோது ஹெக்டேருக்கு 0.75 டன் மீன்தான். மீன்பிடிக்கும் இடங்களிலிருந்து பெரிய வேறுபாடு இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். 2009இல் மறுபடி எண்ணினார்கள்: 4.24 டன். 1999இன் அந்தச் சப்பென்ற எண் இல்லாவிட்டால் 2009இன் எண்ணை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே, கட்டம் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தவுடனேயே போய் எண்ணிவிடுங்கள். முந்தைய கணக்கைப் பிற்பாடு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

பிடிபட்டுக்கொண்டிருந்த இனங்கள் முதலில் மீளும், சராசரியாக ஐந்து ஆண்டுகளில். அவற்றின் விளைவு மற்ற உயிர்களில் தெரிய 13 ஆண்டுகள் ஆகின்றன என்று பல நாட்டு நீண்டகாலக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. நியூசிலாந்தின் லீ காப்பகம் 1975இல் அமைந்தது. அங்கே பெரிய மீன்களும் சிங்கி இறால்களும் திரும்பி வந்து, பாசியைத் தின்னும் உருண்டை முள்ளுயிர்களான கடல் முள்ளெலிகளைத் தின்று குறைத்து, அவை மொட்டையடித்த பாறைகளில் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு மறுபடி எழ நெடுங்காலம் பிடித்தது. மீனை மட்டும் எண்ணியவருக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. ஆகவே அதே நாடாவில் திரும்பும்போது முள்ளெலிகளையும் எண்ணிவிடுங்கள், பாசி மூடிய பரப்பையும் குறியுங்கள். பத்து நிமிட வேலை.

கடைசியாகத் தாள். ஸ்லேட்டிலிருந்து அன்று மாலையே படியெடுங்கள். நீர்த்தெளிவு, நேரம், எண்ணியவர் பெயர் மூன்றும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். ஒரு கோட்டில் களவா ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 0 என்று எழுதுங்கள். வெற்றாக விடாதீர்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தாளைப் பிரிக்கிறவருக்கு, அங்கே மீன் இல்லையா அல்லது நீங்கள் பார்க்க மறந்தீர்களா என்பது வெற்றுக் கட்டத்திலிருந்து தெரியாது. பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் நிற்காது.